அடிக்கவே இல்லை, அப்புறம் எதற்குக் கேஸ்?

புருஷன் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை, குடித்துவிட்டும் வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டினார், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார், முடியாது என்றதும் போய்விட்டார். இதற்குப் போய் போலீஸில் ரிப்போர்ட் போட்டு ஒரு மனுஷனைக் கூண்டில் ஏற்றுவதா? மலேசியாவில், பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பக்கத்து அடுக்குமாடிகளில் இப்படி ஒரு கேஸ் வந்தால் மாமியார் வீடு முதல் கோயில் கமிட்டி வரை எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் கோர்ட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவு இருந்து, அதில் வீட்டுக்கு வரக்கூடாது என்று எழுதியிருந்து, அது அவர் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தால், அவர் கதவைத் தட்டிய நேரத்திலேயே குற்றம் நடந்து முடிந்துவிட்டது. உள்ளே விட்டார்களா, காபி கொடுத்தார்களா, அடி விழுந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிந்திய கதை. உத்தரவு கையெழுத்தான நாளிலிருந்து இது புருஷன் பெண்டாட்டி விவகாரமாக மட்டும் இருப்பதில்லை, அவருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் இடையிலான விவகாரமாகவும் ஆகிவிடுகிறது. நம் ஆட்கள் பலருக்குப் பிடிபடாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படைச் சட்டம் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், எண் 521. நாடாளுமன்றத்தில் 1994இல் நிறைவேறினாலும் அமலுக்கு வந்தது 1996 ஜூன் 1ஆம் தேதிதான். அதற்கு முன்னால் பெண்கள் அமைப்புகள் ஏறக்குறைய பத்து வருஷம் இதற்காக அலைந்தன. பினாங்கில் டபிள்யூசிசி என்று எல்லாரும் சொல்கிற பெண்கள் மையம் 1985இல் தொடங்கியது, சிலாங்கூர் பக்கம் டபிள்யூஏஓ என்கிற பெண்கள் உதவி அமைப்பு அதற்கும் மூன்று வருஷம் மூத்தது. 2012இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது, 2017இல் இன்னொன்று, அது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற பாகுபாடு இதில் கிடையாது, மலேசியாவில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே சட்டம். விவாகரத்து என்று வந்தால்தான் சிவில் கோர்ட், ஷரியா கோர்ட் என்று வழி பிரியும். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்ணுக்கும் இதே பாதுகாப்பு உண்டு, விசா கணவர் பெயரைச் சார்ந்திருக்கிறதே என்ற பயத்தில் வாய் மூடி இருப்பவர்கள் இதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பேர்தான் குடும்ப வன்முறைச் சட்டம், ஆனால் மனைவியை அடித்ததற்காக ஒருவரை இதன்கீழ் குற்றஞ்சாட்ட முடியாது. அடி, காயம், மிரட்டல் எல்லாவற்றுக்கும் பீனல் கோட் என்கிற தண்டனைச் சட்டம்தான். சாதாரணமாகக் காயம் ஏற்படுத்தினால் 323ஆவது பிரிவு, ஒரு வருஷம் வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். அடி வாங்கியவர் மனைவியாகவோ கணவராகவோ, முன்னாள் துணையாகவோ, பிள்ளையாகவோ, குடும்பத்தில் வேறு யாராகவோ இருந்தால் 326ஏ பிரிவு சேர்ந்துகொண்டு அந்த அதிகபட்சச் சிறைக்காலத்தை இரட்டிப்பாக்கும். அப்படியானால் சட்டம் 521 எதற்கு? எது குடும்ப வன்முறை, யாருக்குப் பாதுகாப்பு, யார் உத்தரவு கொடுக்கலாம் என்பதையெல்லாம் சொல்வதற்கு. அது தானே தண்டிக்கிற முக்கியமான குற்றம் ஒன்றுதான், கொடுத்த உத்தரவை மீறுவது. அதைச் சொல்கிற 9ஆவது பிரிவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நல்லெண்ண அறிவுரைதான்.

உத்தரவு மூன்று விதம். முதலாவது அவசரப் பாதுகாப்பு உத்தரவு, இபிஓ என்பார்கள். 2017 திருத்தம் கொண்டுவந்தது. இதற்குக் கோர்ட்டுக்கே போக வேண்டாம், போலீஸ் ரிப்போர்ட்டும் கட்டாயமில்லை, ஜேகேஎம் என்கிற சமூக நல இலாகாவின் அதிகாரி கொடுத்துவிடலாம், ஏழு நாள் செல்லும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அடி விழுந்தால் திங்கட்கிழமை காலை கோர்ட் திறக்கிற வரை என்ன செய்வது என்ற பழைய ஓட்டையை அடைக்க வந்தது இது. இரண்டாவது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, ஐபிஓ. போலீஸ் விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட் கோர்ட் கொடுப்பது, எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்காமலே கொடுக்கலாம். மூன்றாவது பாதுகாப்பு உத்தரவு, சுருக்கமாக பிஓ. அவர்மேல் குற்றச்சாட்டுப் பதிவாகி கேஸ் கோர்ட்டுக்கு வந்த பிறகு கிடைப்பது, பன்னிரண்டு மாதம் வரை செல்லும், இன்னொரு பன்னிரண்டு மாதம் வரை நீட்டிக்கவும் கேட்கலாம்.

பிஓவில் என்னென்ன எழுதலாம் என்பதைப் பார்த்தால் இந்தச் சட்டத்தின் பலம் தெரியும். வன்முறை செய்யக்கூடாது, வேறு யாரையும் தூண்டிவிட்டுச் செய்யவைக்கவும் கூடாது. வீடு, வேலை இடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று குறிப்பிட்ட இடங்களுக்குப் போகக்கூடாது. ஐம்பது மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. தொடர்புகொள்ளக்கூடாது. வீடு அவர் பெயரில் இருந்தாலும், லோன் அவரே கட்டினாலும், இருவரும் சேர்ந்து இருந்த வீட்டில் அந்தப் பெண் மட்டும் இருக்கலாம், அவர் வெளியே போக வேண்டும் என்றுகூட கோர்ட் சொல்லலாம். இதைக் கேட்டு நிறைய ஆண்கள் கொதிப்பார்கள். வீட்டின் உரிமை யாருடையது என்பதை இந்த உத்தரவு தொடுவதே இல்லை, யார் அங்கே படுத்துத் தூங்குவது என்பதை மட்டும்தான் கொஞ்ச காலத்துக்குத் தீர்மானிக்கிறது. அதனால் 'என் வீட்டுக்கு நான் வந்தேன்' என்பது கோர்ட்டில் பதிலாகாது.

சரி, மீறினால்? ஐபிஓவையோ பிஓவையோ தெரிந்தே மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மீறும்போது வன்முறையும் நடந்தால் 4,000 ரிங்கிட் வரை, அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். இப்படி வன்முறையோடு மீறியதற்காக இரண்டாவது முறையோ அதற்கு மேலோ தண்டிக்கப்பட்டால் குறைந்தது 72 மணி நேரச் சிறை கட்டாயம், அதிகபட்சம் இரண்டு வருஷம், 5,000 ரிங்கிட் வரை அபராதமும் சேரும். இபிஓவை மீறுவதும் இதேபோலக் குற்றம்தான், கோர்ட் முத்திரை இல்லாத தாள்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

இதில் உயிர்நாடி 'தெரிந்தே' என்பது. அவருக்கு உத்தரவு இருப்பது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். ஆகவே முதல் சண்டையே உத்தரவு அவர் கையில் போய்ச் சேர்ந்ததா என்பதில் நடக்கும். லாரி ஓட்டுகிறவர், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர், அம்மா வீட்டில் ஒரு நாள் நண்பன் வீட்டில் ஒரு நாள் என்று தங்குகிறவர், இவர்களிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது லேசான வேலையில்லை. 'அவருக்குத்தான் தெரியுமே, நான் வாட்சாப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டேனே' என்று சில பெண்கள் நினைப்பார்கள். முறைப்படி போலீஸ் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்குப் பதிவும் இருந்தால்தான் பின்னாடி கேஸ் நிற்கும். உத்தரவு கிடைத்த கையோடு விசாரணை அதிகாரியிடம், நம் ஆட்கள் ஐஓ என்பார்களே அவரிடம், 'கொடுத்தாச்சா, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அலுப்பான வேலைதான். ஆனால் பாதி கேஸ் அந்தத் தேதியில்தான் தொங்கும்.

எது வேண்டுமென்றே, எது தற்செயல் என்பதற்குப் பினாங்கில் தைப்பூசத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தண்ணீர்மலைக்குப் போகிற கூட்டத்தில் அவர் காவடியோடு ஒரு பக்கம், அந்தப் பெண் பால்குடத்தோடு இன்னொரு பக்கம். ஐம்பது மீட்டரை யார் அளப்பது? கூட்டத்தில் எதிர்ப்பட்டுவிட்டு உடனே விலகிப் போனால் அது குற்றமாக நிற்பது கஷ்டம். ஆனால் கண்டுவிட்டு, அப்புறமும் பின்னாலேயே படியேறி வந்து, தண்ணீர்ப் பந்தலில் அந்தப் பெண் உட்காரும் வரை காத்திருந்து பக்கத்தில் போய் நின்றால் கூட்டம், திருவிழா, சாமி எதுவும் காப்பாற்றாது. சந்தித்தார்களா என்பதைவிட சந்தித்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு.

அடுக்குமாடியில் இந்த ஐம்பது மீட்டர் இன்னும் சிக்கல். மாமியார் வீடு ஆறாவது மாடி, மருமகள் அதே பிளாக்கில் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஒன்றுதான், அதுவும் வாரத்தில் பாதி நாள் கெட்டுக் கிடக்கும். அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று அவர் சொன்னால் எந்த மாஜிஸ்திரேட்டும் யோசிக்கத்தான் செய்வார். அதனால் உத்தரவுக்கு விண்ணப்பிக்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். எந்த பிளாக், அவருடைய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள், பிள்ளை எந்தப் பள்ளி, பஸ் எங்கே நிற்கும், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எந்த ஷிஃப்ட், கம்பெனி வேன் எங்கே ஏற்றும். மொட்டையாக 'தொந்தரவு செய்யக்கூடாது' என்று இருக்கிற உத்தரவை மீறியதாக நிரூபிப்பது குதிரைக் கொம்பு. இடத்தின் பேரும் தூரமும் எழுதியிருந்தால் ஐஓவுக்கும் வேலை சுலபம், டிபிபி என்கிற அரசாங்கத் தரப்பு வழக்கறிஞருக்கும் சுலபம், அந்த ஆளுக்கும் எங்கே போகக்கூடாது என்பது தெளிவாக இருக்கும். அதுவும் முக்கியம்தான், ஏனென்றால் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய ஓர் உத்தரவில் எல்லை எங்கே என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

இனி எல்லாரும் தடுமாறுகிற இடம். அந்தப் பெண்ணே கூப்பிட்டால்? பிள்ளைக்கு நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல், அவரிடம்தான் கார் இருக்கிறது, போன் போட்டு வரச் சொல்கிறார். அல்லது தீபாவளி வருகிறது, குடும்பத்துப் பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்துவைத்து, அவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அடி. அப்போது அவர் சொல்வார், 'அவள்தான் கூப்பிட்டாள்'. உத்தரவு கட்டுப்படுத்துவது அவரை மட்டும்தான், கூப்பிட்டதற்காக அந்தப் பெண் உத்தரவை மீறியவர் ஆகிவிடமாட்டார், அந்தப் பெண் வாயால் சொன்னதால் உத்தரவு செத்தும்போகாது. கோர்ட் கொடுத்ததை மாற்ற வேண்டுமானால் கோர்ட்தான் மாற்ற வேண்டும். ஆனால் நடைமுறையில் இந்த மாதிரிக் கேஸ் பலவீனப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வாட்சாப் அழைப்பைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார், கேஸ் தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்களும் அதைப் பார்ப்பார்கள். சேர்ந்து வாழத்தான் விருப்பம் என்றால் முதலில் கோர்ட்டில் போய் உத்தரவைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பது நல்லது, அது அவருக்கும் பாதுகாப்பு. பிள்ளையைப் பார்க்கிற விஷயமும் அப்படியே, எங்கே எப்போது யார் முன்னால் என்று எழுத்தில் வாங்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தூது அனுப்புகிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரில் வரமாட்டார், ஆனால் தம்பி வருவான், அத்தை போன் செய்வார், பையன் பள்ளிப் பையில் ஒரு கடிதம் இருக்கும். தொடர்புகொள்ளக்கூடாது என்ற உத்தரவில் எந்த வழியாகவும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதியிருந்தால் இதெல்லாம் அதற்குள் வரக்கூடியதுதான். அவருடைய சொந்தக்காரர்கள் இதை நல்ல மனசோடுதான் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், தங்கள் பிள்ளைக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே உருவாக்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

சாட்சியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இபிஓவும் ஐபிஓவும் கிடைப்பதற்கு முழு விசாரணை தேவையில்லை, ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் போதும். மீறியதற்கான குற்றச்சாட்டு அப்படியில்லை, அது சுத்தமான கிரிமினல் கேஸ், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உத்தரவு வாங்குவது சுலபமாக இருந்ததே, கேஸ் ஏன் தோற்றது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இந்த வித்தியாசம். தொண்ணூற்று ஏழு மிஸ்ட் கால் வந்தது என்று சொன்னால் போதாது, போன் இருக்க வேண்டும், அழைப்புப் பட்டியல் அழியாமல் இருக்க வேண்டும். கோபத்தில் அவருடைய மெசேஜை எல்லாம் அழித்துவிட்டு, நம்பரையும் பிளாக் செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், மனசுக்கு நிம்மதிதான், கேஸுக்கு நஷ்டம். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் அசல் அந்தப் போனிலேயே இருக்கட்டும். கீழ்த்தளத்து சிசிடிவியில் பதிவு சில நாளில் அழிந்துவிடும், மேனேஜ்மென்ட் ஆபீஸில் உடனே கேட்க வேண்டும், ஐஓவிடமும் சொல்லிவிட வேண்டும். காயம் பட்டிருந்தால் பினாங்கு மருத்துவமனையோ செபராங் ஜெயா மருத்துவமனையோ, அவசரப் பிரிவில் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். 'படியில் விழுந்துவிட்டேன்' என்று டாக்டரிடம் சொன்ன ஒரு வரி, ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் எழுந்து நிற்கும்.

கைது விஷயத்தில் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது, உத்தரவைக் காட்டினால் போலீஸ் அந்த இடத்திலேயே விலங்கு மாட்டிவிடும் என்று. சட்டம் 521இன் 7ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். அந்த ஆள் உடம்பில் காயம் ஏற்படுத்தக்கூடியவர் என்று கோர்ட்டுக்குப் பட்டால் உத்தரவோடு கைது அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். சேர்த்திருந்தால் மீறியதாக நியாயமான சந்தேகம் இருந்தாலே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும், நீதிபதி சொல்லாமல் ஜாமீனில் விட முடியாது. சேர்க்கவில்லை என்றால், அடி உதை எதுவும் இல்லாமல் கீழே வந்து நின்றுவிட்டுப் போன மாதிரியான மீறலில் போலீஸ் தயங்கும். இதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. உத்தரவைக் கையில் வாங்கியதும் எத்தனை பேர் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்? மலாயில் இருக்கிறது, படபடப்பாக இருக்கிறது, மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். ஜேகேஎம் அதிகாரியையோ டபிள்யூசிசி போன்ற இடத்தில் இருக்கிறவர்களையோ ஒரு தடவை வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அடிதடி என்று வந்துவிட்டால் நிலைமை வேறு, குடும்ப வன்முறை சம்பந்தப்பட்ட குற்றங்களை வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியவையாக 2012 திருத்தம் ஆக்கிவிட்டது.

இனி எனக்குக் கோபம் வருகிற பகுதி. 2,000 ரிங்கிட் என்ற தொகை 1994இல் எழுதப்பட்டது. அன்றைக்கு அது பலருக்குப் பல மாதச் சம்பளம். இன்றைக்கு ஓவர்டைம் பார்க்கிற ஃபேக்டரித் தொழிலாளியே திரட்டிவிடலாம், கொஞ்சம் வசதியானவர் கார் சம்மன் கட்டுவதுபோல் கட்டிவிட்டுப் போவார். வன்முறையோடு திரும்பத் திரும்ப மீறுகிறவருக்கும் கட்டாயம் என்று இருப்பது மூன்று நாள்தான். நீதிபதி நினைத்தால் அதிகம் கொடுக்கலாம், ஆனால் சட்டம் போட்டிருக்கிற கூரை தாழ்வு. பக்கத்தில் இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு ஒரு வருஷம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது, அதைவிட முக்கியம், அங்கே அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமை இல்லாத குற்றம். நடைமுறையில் அங்கே எப்படி என்பது வேறு பேச்சு, எழுத்திலாவது இருக்கிறது.

இன்னொன்று, மூன்றாவது அடுக்குத் தண்டனை, அதாவது வன்முறையோடு திரும்ப மீறுகிறவருக்கான கட்டாயச் சிறை, வேலை செய்ய வேண்டுமானால் முன்னால் தண்டனை ஆகியிருக்க வேண்டும். பத்து தடவை மீறி ஒன்பது தடவை யாரும் ரிப்போர்ட் போடவில்லை என்றால், பத்தாவது தடவை கோர்ட்டில் நிற்பவர் சட்டத்தின் கண்ணில் முதல் தடவைக்காரர். சின்னச் சின்ன மீறலையும் ரிப்போர்ட் செய்யுங்கள் என்று சமூகநல ஊழியர்கள் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு போன் காலுக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதா, மேசையில் இருக்கிறவர் முகம் சுளிப்பாரே என்று தோன்றும். சுளிப்பார்தான். எழுதிக்கொள்ளச் சொல்லி, ரிப்போர்ட் பிரதியையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அங்கே சரியாக நடக்கவில்லை என்றால் மாவட்டத் தலைமையகத்தில் டி11 பிரிவு இருக்கிறது, பாலியல், பெண்கள், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கேஸ்களைப் பார்ப்பது அவர்கள்தான். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று சட்டமே சொல்கிறது, ஆக கேட்பது தொந்தரவு கொடுப்பது ஆகாது.

அப்புறம் 'வாபஸ்'. ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிவிட்டால் முடிந்தது என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் நம்புகிறார்கள், அந்தப் பெண்ணை நெருக்குவதும் அதற்காகத்தான். கிரிமினல் கேஸைத் தொடுப்பதும் நிறுத்துவதும் அரசாங்கத் தரப்பு வழக்கறிஞரின் அதிகாரம், கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பெண் கேஸில் சாட்சி, கேஸின் முதலாளி இல்லை. அவர் இன்னொரு ரிப்போர்ட் போட்டு மனம் மாறியதைச் சொல்லலாம், டிபிபி அதைக் கணக்கில் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். உத்தரவை மீறிய கேஸில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே அவமதிக்கப்பட்டது கோர்ட்டின் உத்தரவு, அதை மன்னிக்கிற உரிமை மாமனார் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது? இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் அந்தப் பெண்ணுக்கே ஒரு விடுதலை இருக்கிறது, 'என் கையில் இல்லை, டிபிபி பார்த்துக்கொள்வார்' என்று நெருக்குகிறவர்களிடம் சொல்லிவிடலாம்.

சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது வேறு இடத்தில் இருக்கிறது. ஐபிஓவின் உயிர் போலீஸ் விசாரணையோடு கட்டப்பட்டிருக்கிறது, பிஓவின் உயிர் கிரிமினல் கேஸோடு. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று போலீஸ் எழுத்தில் அறிவித்துவிட்டால், என்எஃப்ஏ என்பார்களே அது, ஐபிஓ முடிந்தது. ஆதாரம் போதவில்லை என்பதற்காகக் கேஸ் நின்றது, ஆனால் பயமும் ஆளும் அங்கேயேதான் இருக்கிறார்கள். 'அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம், பக்கத்தில் வராமல் இருந்தால் போதும்' என்று கேட்கிற பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் நேரடியான வழி இல்லை, முதலில் குற்றவாளியாக்கு, பிறகு பாதுகாப்பு தருகிறேன் என்கிறது. சிங்கப்பூரில் குடும்ப நீதிமன்றத்துக்கு நேராகப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், போலீஸ் கேஸ் தேவையில்லை. இங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இருக்கிற மாற்றுவழி 1976ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 103ஆவது பிரிவு. விவாகரத்து வழக்கு நடக்கும்போதோ முடிந்த பிறகோ, தொந்தரவு செய்யக்கூடாது என்று தடை கேட்கலாம். ஆனால் அதை மீறினால் போலீஸ் வராது. கோர்ட் அவமதிப்பு என்று அந்தப் பெண்ணே வக்கீல் வைத்து மனுப் போட வேண்டும், அதற்குக் காசு, அலைச்சல், மாதக்கணக்கு. பணம் இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ பார்க்கலாம்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவாளரிடம் போகாமலே வருஷக்கணக்கில் குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மில் கொஞ்சநஞ்சமில்லை. சமயப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதிவாகாவிட்டாலும் இந்தச் சட்டத்துக்கு அவர்கள் கணவன் மனைவிதான். சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும் காதலர்களும் இதற்குள் வரமாட்டார்கள். பழைய காதலன் ஃபேக்டரி வாசலில் தினமும் வந்து நிற்கிறான் என்றால் பார்க்க வேண்டியது பீனல் கோடின் 507ஏ பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியது, 2023 மே 31 முதல் அமலில் இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

கடைசியாக நடைமுறைக்கு இரண்டு விஷயம். நிபோங் திபாலில் அடி வாங்கி, கிள்ளானில் அக்கா வீட்டுக்கு ஓடிப்போன பெண் உத்தரவு கேட்பதற்காகத் திரும்பி வர வேண்டியதில்லை, தற்சமயம் தங்கியிருக்கிற இடத்திலேயே விண்ணப்பிக்கலாம். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே என்கிற உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இரண்டாவது, உத்தரவில் முடிகிற தேதி இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஜேகேஎம் அதிகாரியிடமும் ஐஓவிடமும் நீட்டிப்புப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட வேண்டும், அவர்கள் கையில் வேறு நூறு ஃபைல் இருக்கும், ஞாபகப்படுத்துவது நம் பொறுப்பு. தேதி தாண்டிய பிறகு அவர் வந்து நின்றால் 9ஆவது பிரிவைக் காட்ட முடியாது, மறுபடியும் முதலிலிருந்து ஒரு ரிப்போர்ட், ஒரு விசாரணை, ஒரு ஐபிஓ.